நடுவர் முன் ஆஜராகவும்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு அரசாங்க உறை வந்தாலும் பிரிக்காமலேயே என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மின்சார வாரியம், மாநகராட்சி, வங்கி, எதுவாக இருந்தாலும் சரி. நான் படித்துப் பார்த்து, எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, இறங்கி எந்தப் பக்கம் நடப்பது, மாடிப்படி எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதுவரைக்கும் எழுதுவேன். எனக்கே தெரியாத இடம் என்றால் முந்தின நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். "இன்னாம்மா உனக்கு பைத்தியமா? அட்ரஸ்தான் அதுலயே கீதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சிரித்தார். பைத்தியம்தான். அது பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை முழுசாக ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதையும் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் வேலை பார்த்தது ராயபுரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். கூட்டுறவுத் துறையின் ஒரு சின்ன அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், கூடவே தூசியும் வரும். சாயங்காலம் பைல்களைத் தட்டினால் கை கறுத்துப்போகும். நான் தற்காலிகத் தட்டச்சர். வேலை நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று சொல்லியே என்னை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை எண்ணூரில் இழுத்து மூடியிருந்தார்கள், அதனால் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. அப்போது எதற்கு அவ்வளவு பயந்தேன் என்பது தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடனைக் கட்டவில்லை என்றால் வங்கி எங்கே போய் வழக்குப் போடும்? யாரைக் கேட்டாலும் சிவில் கோர்ட் என்பார்கள். இல்லை. கூட்டுறவுச் சட்டம் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்பார்கள். அது பெரிய வங்கிகள் போகிற இடம். வீட்டையே அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் இப்போது வேறொரு சட்டத்தின் கீழ் கூட்டுறவு வங்கியும் நேராக வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டலாம், அதை எதிர்க்கிறவர் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் வெறும் ஜாமீன் கையெழுத்தின் பேரில் கொடுத்த கடனுக்கு எங்கள் மாடிதான். எங்கள் துணைப்பதிவாளர்தான் அந்த வழக்கை விசாரிப்பவர். கறுப்புக் கோட்டு கிடையாது, கூண்டு கிடையாது, டவாலி போட்ட சேவகன் கிடையாது. ஒரு மேஜை, சத்தம் போடும் மின்விசிறி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வந்து நிற்கிறவர்கள் "சார், கோர்ட்டு எங்க சார்?" என்று அவரிடமே கேட்பார்கள். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். வீட்டை ஜப்தி செய்யலாம், ஏலம் விடலாம்.

அவருக்குச் சட்டம் கொடுத்த பெயர் நடுவர். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பவர் என்ற அர்த்தத்தில் யாரோ நல்ல தமிழ் தெரிந்தவர் வைத்திருக்க வேண்டும். இதே ஊரில் மாஜிஸ்டிரேட்டுக்கும் அந்தப் பெயர்தான். ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் 'பெருநகரக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்' என்று பலகையே இருக்கிறது. அடிதடி, திருட்டு, குடித்துவிட்டுத் தகராறு எல்லாம் அங்கேதான் போகும். ஜாமீன் என்ற வார்த்தையும் அப்படித்தான். கடனுக்குக் கையெழுத்துப் போட்டாலும் ஜாமீன். உள்ளே இருக்கிறவனை வெளியே எடுக்கக் கையெழுத்துப் போட்டாலும் ஜாமீன். எங்கள் நோட்டீஸில் இந்த இரண்டு வார்த்தையும் ஒரே வரியில் வரும்: 'ஜாமீன்தாரரான தாங்கள் மேற்படி தேதியில் காலை பதினொரு மணிக்கு நடுவர் முன் ஆஜராகவும்.' எத்தனையோ நூறு முறை அதில் பெயரும் தேதியும் தட்டி நிரப்பியிருக்கிறேன். ஒருமுறைகூட அதை வெளியில் நிற்கிற ஒரு ஆள் படிப்பதைப் போலப் படித்ததில்லை.

எங்கே ஆஜராவது என்பது அச்சில் கிடையாது. அலுவலகம் அடிக்கடி கட்டடம் மாறியதால் விலாசத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்திருந்தார்கள். நோட்டீஸின் கீழே வலது ஓரத்தில் ஒரு குத்து, உறையின் மேல் ஒரு குத்து. அதைக் குத்துவது என் வேலை. அந்த வாரம் மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. புது மை வாங்கி வரச் சொல்லி துணைப்பதிவாளர் சார் இரண்டு முறை சொன்னார். கடை கீழ்த் தெருவில்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். ஸ்டாம்பின் மேல் ஊதி ஊதிக் குத்தினேன். முதல் சில தாள்களில் எழுத்து தெரிந்தது. அப்புறம் ஒரு நீலக் கறை மட்டும் விழுந்தது. ஆபீஸில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தபாலில் போட்டுவிட்டோம்.

விசாரணை நாளன்று பியூன் லீவு. ஆகவே பெயரைக் கூப்பிடும் வேலையும் என் தலையில் விழுந்தது. எங்கள் ஆபீஸிலும் மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். படிக்கட்டின் மேல் நின்று, கீழே தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். முதலாம் எதிர்மனுதாரர், கடன் வாங்கியவர். மூன்று முறை கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டாம் எதிர்மனுதாரர், ஜாமீன்தாரர், ஒரு பெண் பெயர். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிடும்போது ஏனோ குரலைக் குறைத்துக்கொண்டேன், பசி நேரம். உள்ளே வந்து "வரலை சார்" என்றேன். அவர் 'ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சம்' என்று எழுதினார், வராதவரைக் கேட்காமலே தீர்ப்பு என்று அர்த்தம். வங்கி ஆள் கொண்டுவந்த கணக்கைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

தீர்ப்பின் நகல் பதிவுத் தபாலில் போன சில நாளில் அந்த அம்மாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தபால்காரரிடம் கேட்டுக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். எண்ணூர் போகும் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே லாரிக்காரர்களுக்கு இட்லி போட்டு விற்கிறவர். திருவொற்றியூரில், அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கட்டிய இரண்டு அறை வீடு. கையில் மஞ்சள் துணிப்பை. என் மேஜைதான் வாசலுக்குப் பக்கத்தில், அதனால் என்னிடம்தான் முதலில் பேசினார்.

"நான் வந்தேன்மா. வர்லன்னு எப்பிடி எழுதலாம்? காலைல ஒம்போது மணிக்கே போய்ட்டேன். சாயங்காலம் கோர்ட்ட பூட்ற வரிக்கும் குந்திகினு இருந்தேன்."

"எங்கே உட்கார்ந்திருந்தீங்க அக்கா?"

"கோர்ட்லதான். ஜார்ஜ் டவுன்ல. நடுவர் கோர்ட்டு. என் தம்பிய ஒரு வாட்டி புட்ச்சினு போனாங்கோ, அப்ப அங்கதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இதுலயும் ஜாமீன்னு கீது, நடுவர்னு கீது. அதே எடம்தானே?"

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்தார். ரேஷன் கார்டு. வீட்டு வரி ரசீது. ஆதார் நகல். போட்டோ இரண்டு. குற்றவியல் கோர்ட்டில் ஒருவரை ஜாமீனில் எடுக்க என்னென்ன கேட்பார்களோ அத்தனையும். அங்கே இருந்த காவலரிடம் நோட்டீஸைக் காட்டினாராம். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நடுவர் முன் என்றுதானே போட்டிருக்கிறது, கூப்பிடுவார்கள், உட்காரும்மா என்றிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் இந்த அம்மாள் தாளையும் எங்கேயோ தவறவிட்டுவிட்டார். கூட்டம் கலைகிறவரைக்கும் யாராவது தன் பெயரைச் சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதே நாள் அதே பெயரை நான் ராயபுரத்தில் படிக்கட்டின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கடைசியாக ஒரு காகிதத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் படகுக்கு இன்ஜின் வாங்கக் கடன் எடுத்தபோது இவர் ஜாமீன் போட்டது உண்மை. அந்தக் கடன் கட்டி முடிந்து, 'பாக்கி ஏதுமில்லை' என்று வங்கியே கொடுத்த கடிதம் அது. அந்த ஆள் அப்புறம் இன்னொரு கடன் வாங்கியிருக்கிறார். வங்கியில் யாரோ பழைய மனுவிலிருந்த ஜாமீன்தாரர் பெயரை அப்படியே புது மனுவுக்கும் ஏற்றிவிட்டார்கள். ஆள் குடும்பத்தோடு ஆந்திரா பக்கம் போய்விட்டார், போன் போகவில்லை. மிச்சம் இருந்தவர் இவர்.

சார் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, அன்னைக்கு இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தா அன்னைக்கே உங்க பேரை நீக்கியிருப்பேனே."

"இப்ப காட்றேன் சார்."

"இப்ப தீர்ப்பு ஆயிடுச்சு. என் கையைவிட்டுப் போயிடுச்சு. மேல தீர்ப்பாயத்துல அப்பீல் பண்ணணும்."

அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான். அப்பீல் எங்கே போட வேண்டும், கூட்டுறவு வழக்குக்கென்று இருக்கிற தீர்ப்பாயம் எது, எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றார். அந்தக் கை சூடாக இருந்தது. அவர் படியிறங்கிப் போனதும் அந்த பைலை எடுத்து ஆபீஸ் பிரதியைப் பார்த்தேன். வலது ஓரத்தில் நீலக் கறை. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் பல வருஷம், தெரியாமல் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய்.

அந்த அம்மாளுக்குக் கிடைத்த வக்கீல் என் துண்டுச் சீட்டை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. "ஆபீஸ் பொண்ணு சொன்னதை வெச்சு கேஸ் நடத்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். சிவில் கோர்ட்டில் மனு போட்டார். மாசக் கணக்கில் கிடந்து, இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று திரும்பி வந்தது. அப்புறம் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓடினார். இது எங்கள் சட்டத்தின் கீழ் வருகிற விவகாரமே அல்ல என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கெடு எப்போதோ தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்க வேண்டும் என்று தனியாக ஒரு மனு போட வேண்டியிருந்தது. அதில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு வந்த நோட்டீஸில் எந்த இடம் என்று இல்லை, அதனால்தான் முதலிலிருந்தே இடம் மாறிப் போனேன்.

தீர்ப்பாயம் எங்கள் பைலைக் கேட்டு அனுப்பியது.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. மேலிடத்துக்கு ஒரு பைல் போகிறது என்றால் அதற்கு முன்னால் ஒருமுறை 'சரிபண்ணுவோம்'. நூல் அறுந்திருந்தால் புதுசாகக் கட்டுவோம், பக்க எண் விட்டுப்போயிருந்தால் போடுவோம், மங்கிய முத்திரை இருந்தால் அதே இடத்தில் இன்னொரு குத்துக் குத்துவோம். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பல் தேய்ப்பதைப் போல ஒரு வேலை. சார் என்னிடம், "பைலைச் சரிபண்ணி வை, நாளைக்கு நீயே எடுத்துட்டுப் போ" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் உட்கார்ந்து நூல் மாற்றினேன், பக்க எண் போட்டேன். நோட்டீஸின் ஆபீஸ் பிரதி வந்தது. புது மைப்பெட்டி கையருகில் இருந்தது. குத்தாமல் விட்டால் நீதிபதி கேட்பார், சார் என்னைக் கேட்பார், மெமோ வரும், நிரந்தரம் என்ற பேச்சே இருக்காது. இதையெல்லாம் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். ஒவ்வொன்றாக, நிதானமாக யோசித்தேன். பிறகு ஸ்டாம்பை மையில் ஒற்றிப் பழைய கறையின் மேலேயே சரியாக வைத்து அழுத்தினேன். விலாசம் பளிச்சென்று விழுந்தது.

மறுநாள் தீர்ப்பாயத்தில் நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில். நீதிபதி பைலைப் புரட்டினார்.

"நோட்டீஸ்ல இடம் இல்லைன்னு சொல்றீங்க. இதோ தெளிவா இருக்கே அம்மா. முத்திரை இருக்கு, கதவு எண் இருக்கு, தெரு இருக்கு."

"எனக்கு வந்ததுல இல்ல சாமி."

"உங்களுக்கு வந்த நோட்டீஸ் எங்கே?"

"அத்த அன்னிக்கு தொலச்சிட்டேன் சாமி."

நீதிபதி கெட்டவர் இல்லை. பைலிலிருந்து தலையை நிமிர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்ததைப் போல இருந்தது. அப்படி எனக்குத்தான் தோன்றியதோ என்னவோ. நான் எழுந்து "ஐயா, அந்த முத்திரை நேற்று குத்தியது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மனு தள்ளுபடி ஆனது. அந்தப் 'பாக்கி ஏதுமில்லை' கடிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. தாமதமே மன்னிக்கப்படாதபோது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை, அதுதான் முறை.

அந்த வருஷமே அவர் வீடு ஏலத்துக்குப் போனது. கதவில் ஒட்டிய நோட்டீஸை டைப் அடித்தது நான்தான், அதுவும் என் வேலைதானே. அதே வருஷம் எனக்கு வேலை நிரந்தரமானது. ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குப் பெயர் கூப்பிடுவார்கள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் என் மனசு இரண்டாவது கூப்பாட்டுக்கும் மூன்றாவது கூப்பாட்டுக்கும் காத்திருக்கும், யாராவது "இதோ" என்று எழுந்திருக்கும்வரைக்கும் மூச்சு வராது. ஒருநாள் ரேஷன் கடையில் ஒரு பெயரைக் கூப்பிட்டு யாரும் வராமல் போக, நான் வரிசையை விட்டு வெளியே ஓடித் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கத்தினேன். கடைக்காரர் பயந்துபோனார். பட்டப்பகலில், ராயபுரம் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது, மஞ்சள் துணிப்பையோடு யார் நடந்து போனாலும் இறங்கிப் பின்னால் போயிருக்கிறேன். கிட்டே போனால் வேறு யாரோவாக இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று ஏதாவது கேட்டுவிட்டு வருவேன். படுத்தால், கூட்டம் கலைந்த ஒரு கோர்ட் வளாகம் வரும். பெஞ்சுகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெஞ்சை மட்டும் தூக்க முடியாது, அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் என்னைத் திட்டினால் பரவாயில்லை. திட்ட மாட்டார். இன்னும் கூப்பிடவில்லை என்று சொல்வார்.

சில வருஷத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றேன்.

அந்த இட்லிக் கடைக்கு நானாகத்தான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வீடு போன பிறகு எண்ணூர் பக்கம் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதே ரோட்டில் அதே தள்ளுவண்டியில் கடையை நடத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "ஆபீஸ்காரம்மா வந்துகீது" என்று லாரிக்காரர்களிடம் சொல்லி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "அன்னிக்கு அத்தினி பேர்ல எனக்குத் தண்ணி குட்த்து வழி சொன்னது இந்தம்மா ஒர்த்திதான், நான்தான் படிக்காத முட்டாளு, அது எழுதிக் குட்த்த எடத்துக்கு நேராப் போகாம வக்கீல் பேச்ச கேட்டேன்" என்று அவர்களிடம் கதையாகச் சொன்னார். இட்லியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் மாசத்துக்கு ஒருமுறை போனேன். வருஷக்கணக்கில் போனேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று பஸ் ஏறுவேன், சொல்லாமல் திரும்பி வருவேன்.

சமீபத்தில் ஒருநாள் காலையில் போனபோது ரோடோரக் கடைகளை எடுக்கச் சொல்லி வந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். படித்தேன். ஒரு வாரத்துக்குள் வார்டு ஆபீஸில் போய் பதிவு செய்துகொண்டால் கடையை எடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். பின்பக்கத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"நீ பாத்துட்டேன்னா தப்பே வராது கண்ணு. உன்ன மாரி ஒரு ஆளு அன்னிக்கு நோட்டீஸ் எழுதுற எடத்துல இருந்திருந்தா, எனக்கு இந்த கதியே வந்திருக்காது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் இருந்ததே நான்தான் என்று ஆரம்பித்து, காய்ந்த மை, ஊதிக் குத்தியது, பைலைச் சரிபண்ணியது, பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும். வரிசையில் நின்ற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் இட்லித் தட்டை இறக்கினார். ஒரு டிரைவருக்கு நாலு இட்லி வைத்து சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க மொத தடவை மாடிக்கு வந்தீங்களே அக்கா, அன்னைக்கே."

"ஜட்ஜி என்னாண்ட கேட்டாரே. அப்ப நீ அங்கதான குந்திகினு இருந்த."

"ஆமா அக்கா."

அழுதுகொண்டிருந்தது நான்தான். அவர் கண்ணில் ஒன்றும் இல்லை. என்னைத் திட்டுவார், ஊரைக் கூட்டுவார், சாம்பாரை எடுத்து ஊற்றுவார் என்றுகூட எதிர்பார்த்தேன், உண்மையில் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"வூடு போச்சு. அத்த அப்பவே அழுது முடிச்சிட்டேன். எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லம்மா. நான்தான் படிக்காத மூதேவி, எடம் மாத்திப் போய் குந்திகினேன்னு என்னையே திட்டிகினு, அப்பிடியே பழகிப்போச்சு. நல்லாத்தான் தூங்கிகினு இருந்தேன். இப்ப வந்து சொல்ற. வூடு திரும்பி வருமா?"

"வராது அக்கா."

"பின்ன இன்னாத்துக்கு சொன்ன?"

அவர் அடுத்த தட்டுக்கு மாவு ஊற்றத் தொடங்கினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "போய்ட்டு வான்னு என்னால சொல்ல முடியாது. போ."

அன்று ராத்திரி விடியும்வரைக்கும் ஒரு கனவும் இல்லாமல் தூங்கினேன். அதற்கு அடுத்த நாளும். பெஞ்சும் வரவில்லை, குரலும் வரவில்லை. சில வாரம் கழித்து அந்த ரோட்டில் காலையில் பஸ்ஸில் போனபோது, வண்டியை ஓரம் கட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பக்கத்து டீக்கடையில் இறங்கி விசாரித்தேன். கடை போடுகிறார், ஆனால் முன்போல விடியற்காலையில் வருவதில்லை என்றார்கள். ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லையாம், எழுந்திருக்க முடியவில்லையாம், என்ன கஷ்டமோ வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாராம்.